பதினோராவது அடி

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் எந்த வீட்டிலாவது தொடர்ந்து நாலைந்து முறை தொம் தொம் என்று சத்தம் கேட்டால், ஹெப்சிபா டீச்சர் அந்த வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார். தட்டுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. உள்ளே யாராவது போர்வை துவைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது புளி அடித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். டீச்சர் வாசல் நிலையில் நின்று பார்ப்பார். “பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்பார். திரும்பிவிடுவார்.

ஒருமுறை எதிர்வீட்டு ஜனாபா மாவு இடித்துக்கொண்டிருந்தபோது இப்படித்தான் உள்ளே போய் நின்றார். ஜனாபா உலக்கையைப் பிடித்தபடியே, “என்ன டீச்சர், எங்க வீட்டு மனுசன் மஸ்கட்ல இருக்காரு. இங்கன அடிக்க ஆளில்ல” என்று சிரித்தார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மூன்று வீடுகளில் நிஜமாகவே அடி விழுந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு வீட்டில் தச்சுவேலை செய்கிறவன் கையிலிருந்த கொட்டாப்புளியை, அந்த மரச் சுத்தியலை, அவர் மேல் எறிந்தான். நெற்றியில் நாலு தையல். தையல் பிரிப்பதற்குள்ளாகவே அடுத்த சத்தத்துக்கும் எழுந்து போனார்.

இந்தப் பழக்கம் 1994-ம் வருடம் ஆடி மாதத்தில் வந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

ஹெப்சிபா கங்கைகொண்டான் பக்கத்துச் செம்மண் ஊர் ஒன்றில் பிறந்தவர். அப்பா ஞானையா வேதக்கோயில் ஊழியம் பார்த்தார். ஹெப்சிபாவுக்குப் பதினாறு வயதானபோது, விடுதியில் கூடப் படித்த ஒரு பெண் எழுதிய கடிதம் ஞானையா கையில் சிக்கியது. அவர் அடிக்கும்போது கத்தமாட்டார். மனப்பாடமாகத் தெரிந்த பைபிள் வசனங்களை நிதானமாகச் சொல்லுவார். ஒரு வசனம் முடிந்ததும் ஒரு அடி. அன்று நீளமான அதிகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஹெப்சிபாவின் வலது காறை எலும்பு உடைந்தது. வைத்தியரிடம் கூட்டிப்போக வெட்கப்பட்டு அப்படியே விட்டார்கள். அது மேடாகவே கூடிக்கொண்டது. இன்றும் சட்டைத்துணியை மீறி அந்த மேடு தெரியும்.

இரண்டு வருடம் கழித்து உடற்பயிற்சி ஆசிரியர் படிப்புக்குக் கிளம்பிய அன்று, ஆணியில் தொங்கிய அப்பாவின் பெல்ட்டையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால், “அங்கன விட்டா என் தங்கச்சிக்கு விழும்” என்பார்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர் வேலை கிடைத்தது. காதுக்கு மேலே வெட்டிய முடி, கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ‘ஆம்பள டீச்சர்’ என்பார்கள். திரும்பிப் பார்த்து, “சொல்லுததைச் சத்தமாச் சொல்லு, மூச்சுப் பயிற்சி ஆவும்” என்று சொல்லிவிட்டு நடப்பார்.

தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நீலாம்பாளை அவர் சந்தித்தது 1977-ல். நீலாம்பாளின் வீடு ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருந்த சைவ வீடு. அண்ணன் திருஞானசம்பந்தம் அரசு அலுவலகம் ஒன்றில் பெரிய குமாஸ்தா. நீலாம்பாள் மாப்பிள்ளை வேண்டாம் என்று மூன்றாவது தடவை சொன்ன அன்று, அண்ணன் அவருடைய வலது கையைப் பிடித்துக் கதவு நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு திறந்து, மறுபடி சாத்தினார். இரண்டு விரல்கள் நசுங்கி, பிறகு மடங்காமலே போயின. அன்று சாயங்காலமே அவர் கையில் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு ஹெப்சிபாவின் வீட்டுக்கு வந்தார். பிறகு திரும்பிப் போகவில்லை. மடங்காத இரண்டு விரலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சம் எட்டு விரலால் இன்றும் டைப் அடிக்கிறார்.

அந்த வீட்டில் ஒரே கட்டில். கேட்டவர்களிடம் இருவரும் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடம் சொன்னதும் இல்லை.

வீட்டை ஒட்டிப் பழைய நெல் கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. தகரக் கூரை, மார்க்கெட் பக்கம் ஒரு கதவு, டீச்சர் வீட்டு முற்றத்துப் பக்கம் ஒரு கதவு. 1983-ல் அங்கே நாடகம் போட ஆரம்பித்தார்கள். எல்லாரும் வேலை முடிந்து கூடுவது ஆறு மணிக்கு என்பதால் ‘ஆறு மணி நாடகக் குழு’ என்று பெயர்.

முதலில் வந்தவன் தையல்காரன் நேசையா. ஆலய நாடகங்களில் பெண் வேடம் கட்டிக்கொண்டிருந்தவன். வேடத்தைக் கலைத்த பிறகும் அவன் நடை மாறவில்லை என்று பஸ் நிலையத்தில் மூன்று பேர் அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். கிழிந்த உதட்டோடு டீச்சர் முன்னால் வந்து உட்கார்ந்து, “அக்கா, பாட்டு மட்டும் கெடல. வேணும்னா பாடிக் காட்டுதேன்” என்றான். அவனுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இப்படி வந்தவர்கள்தான். வீட்டில் அடி, வெளியில் அடி. கையில் ஒரு பாட்டோ கதையோ இருக்கும். அதைக் காட்ட இடம் இருக்காது.

குழுவுக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, வருடத்துக்கு ஒரு புது ஆளின் நாடகம். அவர் எழுதுவார், நீலாம்பாள் டைப் அடிப்பார், மற்ற எல்லாரும் அதில் நடிக்க வேண்டும். நோட்டீஸில் எழுதியவர் பெயர்தான் பெரிதாக வரும். எழுதியவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரியை எடுக்கக் கூடாது. அவர் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னால் யாரும் மறுக்கக் கூடாது.

இரண்டாவது சட்டம் அடி பற்றியது. வருகிறவர்கள் எழுதும் கதைகளில் அடி இல்லாத கதை கிடையாது. அதனால் டீச்சர் எல்லாருக்கும் முதலில் விழக் கற்றுக்கொடுத்தார். கயிற்றுப் பாயில் மூன்று மாதம் விழுவதுதான் பாடம். தோளில் விழுந்து, உருண்டு, உள்ளங்கையால் தரையைத் தட்ட வேண்டும். “அடி வாங்குதவதான் அடிக்கு எசமான்” என்பார். அடிப்பவர் கையை ஓங்கிக் காத்திருக்க வேண்டும். அடிபடுபவர் கண்ணைத் தூக்கிப் பார்த்தால்தான் கை இறங்கும். கை உடம்பில் படாது. அந்த நேரத்தில் ஓரமாக நிற்பவர் பலாப் பலகை ஒன்றின் மேல் பெல்ட்டால் அடிப்பார். சத்தம் அங்கிருந்து வரும். ஞானையாவின் பெல்ட்தான் அது. பதினோரு வருடமாகக் கிட்டங்கியில் அது பலகையைத் தவிர வேறெதன் மேலும் விழுந்ததில்லை.

“வெளியதான் எல்லாருக்கும் தாராளமாக் கிடைக்குதே. இங்கன எதுக்கு?” என்பார் டீச்சர்.

விஜயஸ்ரீ 1993 கடைசியில் வந்தாள். ஆழ்வார்குறிச்சிக்காரி, இருபத்தொரு வயது, பி.ஏ. முடித்திருந்தாள். அண்ணன் குமரகுருபரன் ஊரில் உரக்கடை வைத்திருந்தான். கல்லூரியில் கூடப் படித்த ஒரு பெண்ணுக்கு விஜயஸ்ரீ எழுதி, அனுப்பாமல் ஒளித்து வைத்திருந்த கடிதங்களை அவன் கண்டுபிடித்துவிட்டான். அன்றைக்கு ஆரம்பித்த அடி ஓயவில்லை. டைப் படிக்கிறேன் என்று சொல்லித்தான் அவள் தினமும் பஸ் ஏறி வந்தாள். நீலாம்பாளிடம் கொஞ்சம் டைப்பும் படித்தாள். மீதி நேரம் கிட்டங்கியில் விழுந்துகொண்டிருந்தாள்.

அவள் விழுவதைப் போல் யாரும் விழுந்ததில்லை என்பான் நேசையா. “எங்களுக்கெல்லாம் சொல்லித்தரணும். இவ விழுந்து பழகுனவ.”

அவள் எழுதிய நாடகம் முக்கால் மணி நேரம். ஒரு வீடு, ஒரு அண்ணன், ஒரு தங்கை. நடுவில் அண்ணன் கடிதங்களோடு வருகிறான். தங்கைக்கு அங்கே ஒரே வசனம், அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: “வேண்டாம்ணே. விட்டுருண்ணே. இனிமே எழுதமாட்டேன்.” அண்ணன் வேடம் நேசையாவுக்கு. மீசையை ஒட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எம் மூஞ்சில ஒட்டிக்கிட்டு இருக்க இந்த மீசைக்கே வெக்கமா இருக்கும், பாவம்” என்றான். விஜயஸ்ரீ வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நீலாம்பாள் சொல்கிறார்.

ஆடி பதினெட்டுக்கு அடுத்த வாரம் நாடகம் என்று நோட்டீஸ் அச்சாகி வந்தது. சட்டப்படி அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவள் பயந்தாள், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு நோட்டீஸை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொன்று எப்படியோ ஆழ்வார்குறிச்சிவரை போயிற்று. உரம் வாங்க வந்த யாரோ ஒருவர் குமரகுருபரனிடம் அதை நீட்டி, “ஒம்ம தங்கச்சி பேரு மாரில்லா இருக்கு வே” என்று சொல்லியிருக்கிறார்.

நாடகத்துக்கு ஐந்து நாள் இருந்தது. ஆடிக் காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. விஜயஸ்ரீ ஐந்தே முக்காலுக்கே கிட்டங்கிக்குள் போய்விட்டாள். முற்றத்தில் நீலாம்பாள் ஸ்டூலில் மிஷினை வைத்து, காகிதம் பறக்காமல் இருக்கக் கல் வைத்து, நாடகத்தின் கடைசிப் பக்கங்களை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீச்சர் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். கிட்டங்கிச் சுவரில் நேசையாவின் சைக்கிள் சாய்ந்து நின்றது. காலையில் டயர் பஞ்சர் ஆனதால் அதை அங்கேயே விட்டுவிட்டு அவன் டவுன் பஸ்ஸில் கடைக்குப் போயிருந்தான். இது டீச்சருக்குத் தெரியாது. சைக்கிள் நிற்கிறது, அதனால் நேசையா உள்ளே அவளோடு ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

குமரகுருபரன் மார்க்கெட் பக்கத்துக் கதவு வழியாக வந்து, அந்தக் கதவை உள்ளே தாழ் போட்டான். ஆணியில் பெல்ட் தொங்கியது.

சத்தம் கேட்க ஆரம்பித்ததும் நீலாம்பாள் டைப் அடிப்பதை நிறுத்தினார். “என்ன எப்சி, இன்னைக்குச் சத்தம் மந்தமா இருக்கு?”

“பலகை மேல சாக்கைப் போட்டிருப்பான். புதுசா எதையாவது பண்ணிப் பாக்கான்.”

உள்ளேயிருந்து விஜயஸ்ரீயின் குரல் வந்தது. வேண்டாம்ணே. விட்டுருண்ணே. இனிமே எழுதமாட்டேன்.

“குரல் இன்னைக்கு நல்லா வருதுல்லா?” என்றார் நீலாம்பாள்.

“அவளுக்கு வருது. இவன்தான் ஓடுதான்.” டீச்சர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். அடிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. விழுந்தவள் எழுவதற்கு நேரமே இல்லை. மைதானத்தில் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில் கிட்டங்கியைப் பார்த்துச் சொன்னார்: “ஏலே, பைய அடி. அவ விழட்டும், பொறவு அடுத்தது.”

உள்ளே சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. ஒன்று. இடைவெளி. இன்னொன்று. இடைவெளி.

“ஆங். கேட்டுக்கிட்டான்” என்றார் டீச்சர். காப்பியைக் குடித்து முடித்தார்.

முற்றத்துக் கேட் திறந்தது. நேசையா புது ட்யூபைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். “கோவிச்சுக்காதிய அக்கா, நேரமாயிட்டு” என்றான்.

டீச்சர் தம்ளரை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார் என்று நீலாம்பாள் சொல்கிறார். தூக்கி எறியவில்லை, ஓடவில்லை. நேசையாவையும் சைக்கிளையும் கிட்டங்கிக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஓடினார்.

விஜயஸ்ரீ கயிற்றுப் பாயின் விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கிப் பாயில் ஊறியிருந்தது. அடியைத் தடுக்கத் தூக்கிய இடது மணிக்கட்டு தப்பான பக்கம் மடிந்திருந்தது. குமரகுருபரன் பெல்ட்டைக் கொக்கி வெளியே இருக்கும்படி கையில் சுற்றியிருந்தான். மூச்சு வாங்கியது. டீச்சரைப் பார்த்ததும் அவன் பயப்படவில்லை.

“வாங்க வாத்தியாரம்மா. நீங்க சொன்ன மாதிரிதான் அடிச்சேன். பைய.”

டீச்சர் அவன் மேல் பாய்ந்தார். அவன் வீசிய கொக்கி அவர் கன்னத்தைக் கிழித்தது. நேசையா சைக்கிள் பம்பை எடுத்து அவன் முதுகில் இரண்டு போட்டான். மூன்றாவது விழுவதற்குள் அவன் தாழை நீக்கி மார்க்கெட் கூட்டத்துக்குள் போய்விட்டான். பெல்ட் வாசலில் கிடந்தது.

காவல் நிலையத்தில் ஏட்டு நோட்டை மூடி வைத்துக்கொண்டுதான் பேசினார். “அண்ணன் தங்கச்சி விஷயம். அதுவும் நாடகக் கொட்டாயில நடந்திருக்கு. என்னன்னு எழுத? அந்தப் பையன் வந்து சொல்லிட்டுப் போயிட்டான். நீங்களே வெளிய இருந்து தாளம் சொல்லிக் கொடுத்தியளாம்லா.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இரண்டு விலா எலும்பு, ஒரு மணிக்கட்டு. இடது காதில் இனிக் கேட்காது என்று டாக்டர் சொன்னார். நான்காவது நாள் விஜயஸ்ரீயால் தெளிவாகப் பேச முடிந்தது. டீச்சர் ஆஸ்பத்திரிக் கட்டிலின் வலது பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏம்ட்டி என்னைக் கூப்பிடல?” என்று கேட்டார். நாலு நாளாக அவர் மனசில் இருந்த ஒரே கேள்வி.

“கூப்பிடணும்னு தோணல டீச்சர். அவன் கை ஓங்குனா எனக்கு அந்த வசனந்தான் வாயில வரும். சின்னதுலேருந்தே அதான்.” அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். “எண்ணிக்கிட்டே இருந்தேன். யாராவது வந்துருவாங்கன்னு. பதினேழு. பதினொண்ணுல உங்க குரல் கேட்டுது. சரி, டீச்சர் வந்துட்டாங்கன்னு நினைச்சேன்.”

டீச்சர் எழுந்து வெளியே போனார்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நீலாம்பாளிடம் ஒன்றும் சொல்லாமல், பெல்ட்டைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆழ்வார்குறிச்சி பஸ்ஸில் ஏறினார். பகல் பதினொரு மணி. குமரகுருபரன் கடைவாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் அவன் முன்னால் போய் நின்று கையை ஓங்கினார். ஓங்கிய கை மேலேயே நின்றது. பதினோரு வருடப் பழக்கம். எதிரே இருப்பவர் கண்ணைத் தூக்காமல் அவருக்குக் கை இறங்காது. குமரகுருபரன் பேப்பரை இறக்கி, யார் என்று நிமிர்ந்து பார்த்தான்.

முதல் அடி வாயில் விழுந்தது. முன்பல் இரண்டு அப்போதே போயிற்று. அவன் நாற்காலியோடு சாய்ந்தான். டீச்சர் பெல்ட்டை எடுத்தார். விழுந்தவனுக்கு எழ நேரம் கொடுக்கவில்லை. முதுகு, தோள், முகத்தை மூடிய கைகள் என்று எங்கெங்கோ விழுந்தது. எத்தனை என்று அவர் எண்ணவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் கையிலிருந்த மூட்டைக் கொக்கியை அவருடைய முன்கையில் இறக்கி இழுத்தான். தெருவில் போட்டு மிதித்தார்கள். “ஆம்பளன்னு நெனப்பால ஒனக்கு? ஆம்பள மாரியே வாங்கு” என்றான் ஒருவன். யாரோ ஒரு பெரியவர் வந்து விலக்கி, பெல்ட்டையும் எடுத்துக் கொடுத்து, அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அம்பாசமுத்திரம் வரும்வரை பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. சேலை அவ்வளவு ரத்தமாக இருந்தது.

முன்கையில் பதினான்கு தையலோடு அன்று மாலையே விஜயஸ்ரீயின் கட்டிலுக்கு வந்தார். அவருடைய முகத்தில் ஒருவித வெளிச்சம் இருந்தது என்று நீலாம்பாள் சொல்கிறார்.

“அடிச்சிட்டேன்ட்டி. பல்லு ரெண்டு போச்சு அவனுக்கு.”

விஜயஸ்ரீ அவர் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள்.

“அது உங்களுக்காக அடிச்சது, டீச்சர்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “நான் கேட்கலியே.”

டீச்சர் முகத்தில் இருந்தது அணைந்தது. “ஒனக்கு என்ன வேணும்? சொல்லு. என்னன்னாலும் செய்யுதேன்.”

“நாடகத்தைப் போடணும். ஒரு வரி சேக்கணும்.”

“சேத்துக்கோ. உன் நாடகம்.”

“தங்கச்சி ஒவ்வொரு அடிக்கும் எண்ணுவா. சத்தமா. பதினொண்ணுல நிறுத்துவா. அப்பம் வெளிய இருந்து ஒரு குரல் வரும். அன்னைக்கு வந்த அதே குரல், அதே வார்த்தை. அதை நீங்கதான் சொல்லணும்.”

டீச்சர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நீலாம்பாள்தான் முதலில் பேசினார்: “ஏ பிள்ள, அவளால முடியாதும்மா. நான் சொல்லுதேன். இல்ல, நேசையா சொல்லட்டும்.”

“அன்னைக்கு நீங்க சொல்லலியே நீலாக்கா.” விஜயஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள். “அடி விழுந்தது எல்லாருக்கும் தெரியும். வெளிய ஒருத்தங்க கேட்டுக்கிட்டே இருந்தது யாருக்குந் தெரியாது. அதை எழுதாம இந்த நாடகம் முடியாது.”

எழுதியவர் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னால் யாரும் மறுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டது டீச்சர்தான். மறுநாள் நீலாம்பாள் அந்தப் பக்கத்தைப் புதிதாக டைப் அடித்தார். அந்த ஒரு பக்கத்துக்கு ஐந்து தாள் வீணாயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து விஜயஸ்ரீ டீச்சர் வீட்டுக்கே வந்து தங்கினாள்; புரட்டாசியில் ஒத்திகை தொடங்கியது. கிட்டங்கியின் இரண்டு கதவிலும் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். அடி ஒத்திகை என்றால் அடி வாங்குபவர் சத்தமாக எண்ண வேண்டும் என்பது புதுச் சட்டமாயிற்று. பலகையின் மேல் சாக்கைப் போடச் சொன்னாள் விஜயஸ்ரீ. “அந்தச் சத்தம் வேணும்.” டீச்சர் பலகையருகே நின்று பெல்ட்டால் அடித்தார். பதினொன்று வரும்போது அவர் வாய் திறக்கும், காற்றுதான் வரும். மூன்று வாரமும் அப்படியே. ஒவ்வொரு நாளும் விஜயஸ்ரீ பதினொன்றில் காத்திருந்தாள். குரல் வராது. எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கடைசி ஒத்திகை அன்று நேசையா பொறுக்கமாட்டாமல், “அக்கா வராட்டி நான் கையை ஓங்கிட்டே எம்புட்டு நேரம் நிக்க?” என்று கேட்டான்.

“வர வரைக்கும்” என்றாள் விஜயஸ்ரீ. “வராட்டி நாடகம் அங்கனயே நிக்கட்டும்.”

ஐப்பசி முதல் சனிக்கிழமை, மாலை ஆறு மணி. மழைக்கு முந்தைய வெக்கை. கோயில் பெஞ்சுகளை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். எழுபது பேர் இருப்பார்கள். உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. டீச்சரின் பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியைகள் வந்திருந்தார்கள். பின்வரிசையில் ஆழ்வார்குறிச்சிக்காரர்கள் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நேசையா மீசையோடு வந்தபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கடிதங்களை அவள் முகத்தில் எறிந்தான். கையை ஓங்கினான். விஜயஸ்ரீ கண்ணைத் தூக்கினாள். பலகையில் பெல்ட் விழுந்தது. சாக்கின் மேல் விழுந்த அந்தச் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது.

“ஒண்ணு” என்றாள், விழுந்துகொண்டே.

எழுந்தாள். கண்ணைத் தூக்கினாள். “ரெண்டு.”

நாலாவதில் முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து வெளியே போனார். ஏழாவதில் யாரோ, “போதும்யா” என்றார்கள். எட்டு, ஒன்பது, பத்து. விழுந்து எழும் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

“பதினொண்ணு.”

அவள் எழவில்லை. கிடந்தபடியே தலையைத் திருப்பி, கேட்கும் காதைப் பலகை இருந்த பக்கமாக வைத்துக்கொண்டாள். நேசையாவின் கை மேலே நின்றது. பலகையருகே டீச்சர் எங்கள் எல்லாருக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தார். கன்னத்து வடு விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மார்க்கெட்டில் யாரோ வெங்காய விலை கூவுவது கேட்டது. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. அண்ணன் வேடக்காரன் வசனம் மறந்துவிட்டான் என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார்.

அப்போது குரல் வந்தது. அழுகையோ கரகரப்போ இல்லை. மைதானத்துக் குரல், ஐம்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் குரல்.

“ஏலே, பைய அடி. அவ விழட்டும், பொறவு அடுத்தது.”

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. சொல்லிக்கொடுக்கும் டீச்சர் நாடகத்துக்கு நடுவிலேயே நடிகனைத் திருத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதிப் பேராவது சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன்.

விஜயஸ்ரீ கிடந்தபடியே கண்ணைத் தூக்கினாள். நேசையாவின் கை மெதுவாக இறங்கியது. பெல்ட் விழுந்தது.

“பன்னெண்டு” என்றாள் விஜயஸ்ரீ.

சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது. அடுத்த அடிக்கு நீண்ட இடைவெளி. பதிமூன்று. இன்னொரு இடைவெளி. அந்த இடைவெளிகளில் எங்களுக்குப் பார்ப்பதற்கு டீச்சரின் முகம் மட்டும்தான் இருந்தது. அவர் அதை மறைத்துக்கொள்ளவில்லை. பதினான்கு, பதினைந்து, பதினாறு.

“பதினேழு.”

டீச்சர் பெல்ட்டை அடுத்த அடிக்கு ஓங்கியிருந்தார். கை பழக்கத்தில் உயர்ந்துவிட்டது. நேசையாவின் கையும் மேலே இருந்தது. இருவரும் அவளைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

விஜயஸ்ரீ கண்ணைத் தூக்கவில்லை. பாயைப் பார்த்தபடியே, ஒரு கையை ஊன்றி, மெல்ல எழுந்து நின்றாள்.

டீச்சர் பெல்ட்டைக் கீழே இறக்கினார்.